2,306 கிலோமீட்டர்

காணாமல் போன பதினேழாம் நாள்
ஹாபூர் பக்கம் ஒரு கரும்பாலைக்குப் பின்னால்
நிற்பதாகத் தகவல் வந்தது,
நம்பர் பலகை மாறி
முன் கண்ணாடியில் யாரோ ஒட்டிய அனுமார் படத்தோடு
எங்கள் பழைய வேகன்ஆர்.

உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம்.
இனி அது வண்டியில்லை, வழக்குச் சொத்து
என்றார் ஏட்டு தஹியா.
பாண்டவ் நகர் காவல் நிலையத்து வேப்பமரத்தடியில்
மூன்று வாரம் புறா எச்சம் வாங்கி நின்றது.
வேலைக்குப் போகும் வழியில் இறங்கி
கம்பி இடுக்கில் பார்த்துவிட்டுப் போவேன்,
ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்ப்பதுபோல.
பழம் மட்டும் வாங்கவில்லை.

வண்டி என் பெயரில்.
கர்கர்டூமா நீதிமன்றத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்தேன்.
சுபுர்தாரி என்கிறார்கள் அதை.
விற்க மாட்டேன்.
நிறம் மாற்ற மாட்டேன்.
கூப்பிடும்போதெல்லாம் கொண்டுவந்து நிறுத்துவேன்.
நம்ம கல்யாணத்துலகூட இவ்வளவு நிபந்தனை இல்லையே
என்றார் சபேசன்.
வக்கீலுக்குத் தமிழ் தெரியாது.
இருந்தும் சிரித்தார்.

ஓட்டிவர உட்கார்ந்தேன்.
கால் எட்டவில்லை.
இருக்கை கடைசிப் பல் வரை பின்னால் போயிருந்தது.
நானும் சபேசனும் ஒரே உயரம்,
பதினோரு வருடம் அதைத் தொட்டதேயில்லை.
எந்தப் பல்லில் இருந்தது?
இருவருக்கும் தெரியவில்லை.
டக். இங்கேயா?
டக். இன்னும் கொஞ்சமா?
பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தியபடி இருந்தான்.

கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான்.
தொலைவதற்கு முந்தின நாள் பெட்ரோல் போட்டபோது
குறித்துவைத்த எண் இருக்கிறது.
கழித்துப் பார்த்தேன்:
இரண்டாயிரத்து முன்னூற்றாறு கிலோமீட்டர்.
எங்களோடு அது அதிகம் போனது
ஆக்ரா பாதி வழி.
வருணிகா வாந்தி எடுத்தாள், திரும்பிவிட்டோம்.

மிதியடிக்குக் கீழே ஒரு சுங்கச் சீட்டு,
மொராதாபாத் என்பது மட்டும் வெளிறாமல்.
திருடியவன் சுங்கம் கட்டியிருக்கிறான்,
அதுவும் இரட்டிப்பாய்.
பின் சீட்டு இடுக்கில் சிவப்புக் கண்ணாடி வளையல்.
என் இரண்டு விரல்தான் அதற்குள் நுழைந்தது.

வருணிகா ஒரு வாரம் ஏறவில்லை,
வேற வீட்டு வாசனை என்றாள்.
சபேசன் சீட் உறை மாற்றினார்,
மூன்று முறை கழுவக் கொடுத்தார்.
எதிலும் நம்பிக்கையில்லாதவர்
நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்.
அனுமாரை உரித்தெடுக்க மட்டும்
யாருக்கும் கை வரவில்லை.

ஜூலையில் மழை பிடித்தது.
இடது பின் ஜன்னல் எப்போதும்
முக்காலில் நின்றுவிடும்.
நாலு வருடமாய் அடுத்த மாதம் பார்க்கலாம் என்ற வேலை.
மழைநாளில் அட்டை செருகுவோம்.
அன்றும் பழக்கத்தில் அட்டையைத் தேடினேன்.
அம்மா, என்றாள் வருணிகா.
கைப்பிடியைச் சுற்றியிருக்கிறாள்.
ஏறியிருந்தது,
முழுசாய், முனகாமல்.
யாரோ புது ரப்பர் வைத்திருக்கிறார்கள்,
எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.
நொய்டா மோடு தாண்டும்வரை
மூவரும் பேசவில்லை.

ஆகஸ்டில் முதல் வாய்தா.
அதோ அவன்தான், காட்டினார் தஹியா.
பத்தொன்பது இருக்கும்.
ஏட்டின் தோளுக்குக்கூட எட்டாத பையன்.
அவன் கால் என் காலைவிடக் குட்டை.
கடைசிப் பல்லில் உட்கார்ந்தவன் இவனில்லை.
ஜன்னலைச் சரிசெய்தது யார்?
மனசுக்குள் ஹிந்தியில் வாக்கியம் கட்டி
வினைச்சொல்லுக்கு ஆணா பெண்ணா என்று
நான் தடுமாறிய நேரத்தில்
அழைத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த வாய்தா நவம்பரில்.
திரும்பும்போது சபேசன் ஓட்டினார்.
உட்கார்ந்ததும் ஒரு பல் பின்னால் தள்ளிக்கொண்டு
இதான் பழைய இடம் என்றார்.
இல்லை.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.